அடுப்பின் மேல் போட்ட பழி

என் மனைவிக்கு மூச்சு வாங்குவது அடுப்புப் புகையால்தான் என்று டாக்டரிடம் சொன்னவன் நான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டாள், நம்பினாள். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் நான் சொன்ன எதையும் அவள் மறுத்துக் கேட்டதில்லை. ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

மலேசியாவின் தெற்கே யோங் பெங்கில், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி வரும் பழைய சாலை ஓரத்தில் ஒரு சரளைக்கல் திடல் இருக்கிறது. அதன் மூலையில் என் லாரிப் பட்டறை, அதை ஒட்டி அவளுடைய சாப்பாட்டுக் கடை. பட்டறைக்கு வரும் வண்டிகளை நம்பித்தான் கடை போட்டாள். வெகுகாலம் இரண்டே மேசைகள்தான். நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, உளுந்து வடை, மத்தியானத்துக்கு ஒரு மீன் குழம்பு. அவள் வடை சுடும் நேரத்தில் எண்ணெய்ச் சத்தம் பட்டறை வரைக்கும் கேட்கும், நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வருவேன்.

கடை போட்டுப் பதினைந்து வருடம் ஆனபோது, ஜப்பானில் ஓடிப் பழசாகிப் புதுப்பித்து வந்த ரீகாண்ட் லாரிகள் எங்கள் பக்கம் ஓட ஆரம்பித்திருந்தன. டீசல் தொட்டிக்குப் பக்கத்தில் நீல மூடி போட்ட இன்னொரு சின்னத் தொட்டி அவற்றில் இருக்கும். அது எதற்கு என்று சொல்லித்தர ஜொகூர் பாருவில் மெக்கானிக்குகளுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். மத்தியானம் பிரியாணி உண்டு என்றார்கள், போனேன். பாடம் நடத்தியவர் நரைத்த மீசை வைத்த ஒரு மலாய்க்காரர். நல்ல மனுஷர். வேண்டாம் என்று நினைத்தும் அவர் சொன்னது எனக்குள் தங்கிவிட்டது.

நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன், அது யார் வம்புக்கும் போகாது என்றார். சோம்பேறி வாயு. ஆனால் இன்ஜினுக்குள் தீயின் சூடு மிக ஏறும்போது அதற்கும் புத்தி கெட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்துகொள்கிறது. அப்படிச் சேர்ந்த விஷ வாயு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே வந்து, காற்றில் இன்னும் கொஞ்சம் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சுக்குள் போய் மூச்சுக்குழாயை அரிக்கிறது. சில எரிபொருளிலேயே நைட்ரஜன் இருக்குமாம், நிலக்கரியில் அது அதிகமாம். டீசலில் பெரும்பாலும் குற்றவாளி சூடுதான். அடுத்து அவர் சொன்னது எங்களுக்குப் பிடிக்கவே இல்லை. கரும்புகை கக்கும் வண்டியைத்தான் நாம் கெட்ட வண்டி என்கிறோம். நன்றாக, சூடாக எரியும் இன்ஜினில் கரும்புகை குறையும், இந்த வாயு கூடும். கண்ணுக்குத் தெரியாது. ஒன்றை அமுக்கினால் மற்றது தலைதூக்கும்.

அதற்கு இரண்டு வைத்தியம் சொன்னார். ஒன்று, எரிந்து வந்த புகையிலேயே கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விட்டுத் தீயின் சூட்டைத் தணிப்பது. அப்படிப் புகையைத் திருப்பிவிடும் குழாயைத் தகடு வெட்டி அடைப்பதில் எங்கள் ஊரில் எல்லாரும் கெட்டிக்காரர்கள், என்னையும் சேர்த்து. அடைத்தால் வண்டி நன்றாக இழுக்கும், கரியும் சேராது. மற்றது அந்த நீல மூடித் தொட்டி. அதில் இருப்பது யூரியாவும் சுத்தமான தண்ணீரும். சூடான எக்ஸாஸ்டில் அதைத் தெளித்தால் அமோனியாவாக மாறும். சைலன்சருக்குள் தேன்கூடு மாதிரித் துளை போட்ட ஒரு கல் இருக்கும். அந்தக் கல்லின்மேல் அமோனியாவும் விஷ வாயுவும் சந்தித்து, பழைய நைட்ரஜனும் நீராவியுமாகப் பிரிந்து போய்விடும்.

யூரியா என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் எஸ்டேட்டில் பிறந்தவன். பள்ளி விடுமுறையில் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரத்தடிகளில் உரமாக அள்ளி அள்ளி வீசிய வெள்ளைக் குருணை அது. விரல் இடுக்கில் எரியும். அதையா ஜப்பான்காரன் லாரிக்குள் ஊற்றுகிறான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிண்டலடித்தேன். பிரியாணியும் நன்றாக இருந்தது.

அடுத்த வருடம் அந்தத் திரவம் எங்கேயும் கிடைக்காத ஒரு காலம் வந்தது. என் வாடிக்கையாளர்களில் மூத்தவர் ஒருவர் பெக்கான் நானாஸிலிருந்து கோலாலம்பூர் சந்தைக்கு அன்னாசி ஏற்றுபவர், சொந்த லாரி. ஒரு காலையில் அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"தொட்டி காலி மச்சான். லைட்டு எரியுது. இன்னும் கொஞ்ச நேரத்துல கம்ப்யூட்டரு வண்டிய இழுக்க விடாது. பழம் ஏத்திட்டேன், என்னா செய்ய?"

"அலாமாக், இதுக்கா இந்த மொகம்? உரந்தானே!" என்றேன்.

ஒரு மூட்டை உர யூரியா வாங்கிவரச் சொன்னேன். எஸ்டேட்டில் பிறந்தவனைத் தவிர வேறு யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்காது. வாளியில் தண்ணீர் ஊற்றிக் குருணையைக் கொட்டிக் கரைத்தேன். கரையக் கரைய வாளி சில்லிட்டு வெளிப்புறம் வியர்த்தது. வடிகட்டத் துணி வேண்டும் என்று மனைவியைக் கூப்பிட்டேன். தேங்காய்ப்பால் பிழியும் வெள்ளைத் துணியை அவளே கொண்டுவந்து, அவளே இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டி மரம் மாதிரி தளதளன்னு வளருமா பாப்போம்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு இருமல்கூட இல்லை. அப்போதெல்லாம் அவளுக்கு இருமலே கிடையாது.

லைட்டு அணைந்தது. அன்னாசி லாரிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். எனக்கு ஒரு வாரம் தலை கால் புரியவில்லை. மூன்றாவது வாரம் நெடுஞ்சாலை ஏற்றம் ஒன்றில் வண்டி படுத்துவிட்டது. ஒரு லோடு பழம் வெயிலில் கிடந்து புளித்தது. பிரித்துப் பார்த்தால், தெளிக்கும் மூக்கில் உப்பு மாதிரி வெள்ளையாகக் கெட்டித்துக் கிடக்கிறது. உள்ளே அந்தத் தேன்கூட்டுக் கல்லின் துளைகளிலும் அதே வெள்ளை. உரம் கட்டிப் போகாமல் இருக்க அதில் என்னென்னவோ சேர்க்கிறார்கள். மரம் அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும், கல் பொறுக்கவில்லை. சுத்தமான தண்ணீர் என்று அந்த மலாய்க்காரர் இரண்டு தடவை அழுத்திச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கத்தை மறைக்கத்தான் ஒரு பெட்டியைத் தேடிப் போனேன்.

ஜொகூர் பாருவில் உதிரிபாகம் விற்கும் சீன முதலாளி, தவ்கே ஒருவர் கொடுத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, நான்கு ஒயர். அதை மாட்டிவிட்டால் இன்ஜினின் கம்ப்யூட்டரிடம் அது பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். தொட்டி நிறைந்திருக்கிறது, திரவம் தெளிக்கிறது, எல்லாம் சுகம். உண்மையில் ஒரு சொட்டும் தெளிக்காது. லைட்டு எரியாது, வண்டி இழுக்கும், திரவமே வாங்க வேண்டாம். அன்னாசி லாரியில் மாட்டிக் கொடுத்தேன். அது நன்றாக ஓடியது. தவ்கே சிரித்துக்கொண்டே இன்னும் பத்துப் பெட்டி தந்தார்.

கெட்ட பெயருக்குத்தான் கால் முளைக்கும் என்பார்கள், எனக்கு நல்ல பெயருக்கு முளைத்தது. யோங் பெங்கில் ஒருவர் இருக்கிறார், கை வைத்தால் வண்டி தொல்லை தராது என்று பேச்சு பரவிவிட்டது. பொந்தியானிலிருந்து வந்தார்கள், சிகாமட்டிலிருந்து வந்தார்கள். பெட்டி மாட்ட வந்தவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள், சாப்பிட்டவர்கள் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் திரும்ப வந்தார்கள். இரண்டு மேசை எட்டானது. திடலில் எந்த நேரமும் ஏழெட்டு லாரி நிற்கும். டிரைவர்களுக்கு உள்ளே ஏர்கோன் குளிர் வேண்டும், அதனால் இன்ஜினை நிறுத்தமாட்டார்கள். சாப்பிடும்போதும் ஓடும், ஒரு குட்டித் தூக்கம் போடும்போதும் ஓடும்.

அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசுவாள். "எங்க வீட்டுக்காரு கை வெச்ச வண்டி லா, பொகையே வராது," என்பாள். உண்மைதான், வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து இருமல் ஆரம்பித்தது. முதலில் சாயங்காலத்தில் மட்டும். பிறகு மாடிப்படி ஏறினால், பிறகு கறிச்சட்டியைத் தூக்கினால். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம். கிளினிக்கில் வாயில் வைத்து இழுத்துக்கொள்ள நீலநிறப் பம்ப் கொடுத்தார்கள். அது போதாமல் ஒருநாள் உதடெல்லாம் நீலம் பாரித்துவிட, அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். வார்டில் நான்கு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் அந்த விசில் சத்தம் காணாமல் போயிற்று. நான்காம் நாள் நடைபாதையில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து, "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல," என்றாள்.

வீட்டுக்கு அனுப்பும் முன் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார். சின்ன வயதுப் பெண். இங்கே இருந்தால் நன்றாக இருக்கிறார், வேலை செய்யும் இடத்தில் ஏதாவது புகையோ வாயுவோ இருக்கிறதா என்று மலாயில் கேட்டார்.

அந்த ஒரு நிமிஷத்தை நான் ஆயிரம் தடவை திரும்ப வாழ்ந்திருக்கிறேன். எனக்குத் திடல் முழுக்கக் கண்முன் வந்தது. வரிசையாக நிற்கும் லாரிகள், ஒவ்வொன்றின் அடியிலும் என் கையால் முறுக்கிய நான்கு ஒயர், நரைத்த மீசைக்காரர் பலகையில் வரைந்த மூச்சுக்குழாய்ப் படம். எல்லாம் வரிசையாக வந்தன. என் வாய் சொன்னது வேறு.

"டாப்பூர், டாக்டர்," என்றேன். அடுப்பு. "சாப்பாட்டுக் கடை. நாள் பூரா காஸ் அடுப்பு, எண்ணெய்ப் பொகை."

டாக்டர் தலையாட்டி எழுதிக்கொண்டார். அதிலும் உண்மை இருக்கலாம் என்றார், காஸ் அடுப்பின் நீலச் சுடரிலும் மூச்சுக்குழாயை அரிக்கும் நைட்ரஜன் வாயு கொஞ்சம் பிறக்கத்தான் செய்கிறது, காற்றோட்டமான இடத்தில் உட்காரச் சொல்லுங்கள் என்றார். அந்தக் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறிவிட்டேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

வரும் வழியில் காரில் அவள் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆயர் ஈத்தாம் தாண்டியதும் மெதுவாகச் சொன்னாள்:

"இத்தன வருசமா எனக்கு நானே சூனியம் வெச்சிக்கிட்டேன் போல, ஏங்க."

நான் சாலையைப் பார்த்தபடி ஓட்டினேன். அப்போது சொல்லியிருக்கலாம். காரில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை.

அதன் பிறகு நான் செய்ததுதான் பெரிய கொடுமை. அவளை அடுப்படியிலிருந்து எடுத்தேன். சமையலுக்குத் தெரிந்த அக்கா ஒருவரை வைத்தோம். வடையை நிறுத்திவிட்டாள், எண்ணெய்ச் சட்டியையே யாருக்கோ கொடுத்துவிட்டாள். காற்றோட்டமான இடம் வேண்டும் என்று டாக்டர் சொன்னாரே என்று, கடையின் முகப்பில் தகரக் கூரையை நீட்டி நானே ஒரு மேசை போட்டுக் கொடுத்தேன். தேத்தண்ணி கலக்கவும் பொட்டலம் கட்டவும் அங்கே உட்கார்ந்துகொள் என்றேன். பின்னால் சுவரும் அடுப்படியும். முன்னால் லாரிகள். முதல் லாரியின் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் அவள் நாற்காலிக்கும் நடுவே நான்கு எட்டுகூட இருக்காது. வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று திடல் பக்கமாக ஒரு பெரிய மின்விசிறி வேறு நிறுத்தினேன், அவள் முகத்தைப் பார்த்து. மெக்கானிக் நான். காற்று எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில்.

ஒரே மாதத்தில் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஒரு காலை அவள் கிளினிக் போயிருந்தபோது, அவள் நாற்காலியில் நான் உட்கார்ந்து தேத்தண்ணி கலக்கினேன். எட்டு லாரி நின்றன. ஆறு என் கைபட்டவை. ஒன்றிலும் புகை இல்லை. அரை மணி நேரத்தில் கண் எரிந்தது, தொண்டை காறியது, நெஞ்சில் யாரோ கை வைத்து லேசாக அழுத்துகிற மாதிரி இருந்தது. எனக்கு நல்ல நெஞ்சு. அவள் அங்கே காலை ஆறு மணியிலிருந்து நாலு மணி வரை உட்கார்ந்திருக்கிறாள். கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பெட்டிகளைக் கழற்றித் தருகிறேன், சும்மா தருகிறேன் என்று ஒவ்வொரு டிரைவராகக் கேட்டேன்.

"நல்லா ஓடற வண்டிய எதுக்குண்ணே நோண்டணும்? ஒங்களுக்கு என்னா ஆச்சு?" என்றார் ஒருவர். இன்னொருவர், "ஊர்ல எல்லாருந்தான் போட்டிருக்காங்க, நம்ம ஒரு வண்டிய மாத்தி என்னா லா ஆவப்போவுது?" என்றார்.  இதையே நானும் எனக்குள் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்னாசி லாரிக்காரர் ஒருவரிடம்தான் முழு உண்மையையும் சொன்னேன். உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கேட்டுவிட்டு லாரிச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தார். "தங்கச்சி கையால எத்தன வருசம் சாப்பிட்டிருக்கேன். கழட்டு மச்சான்," என்றார். கழற்றினேன். அசல் திரவம் வாங்கி ஊற்றினேன். தெளிக்கும் மூக்கைப் புதிதாக மாற்றினேன். லைட்டு எரிந்துகொண்டே இருந்தது. சைலன்சரைப் பிரித்து அந்தக் கல்லை எடுத்துப் பார்த்தேன். செத்துப்போயிருந்தது. அன்றைக்கு வாளியில் நான் கரைத்து, அவள் துணியில் வடிகட்டிக் கொடுத்த உரம் அதைக் கொன்று பல வருடமாகிவிட்டது. புதுக் கல் வாங்க அவர் லாரியைத்தான் விற்க வேண்டும். அவர் பிழைப்பும் அந்த ஒரு லாரிதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பெட்டியைத் திரும்ப மாட்டினேன், அதே நான்கு ஒயர்.

இன்ஜினை நிறுத்தவும் என்று மலாயிலும் தமிழிலும் ஒரு பலகை எழுதித் திடலில் நட்டேன். நான்கு நாளில் பாதி லாரிகள் அடுத்த கடைக்குப் போய்விட்டன. அவளே எழுந்து வந்து, மூச்சு வாங்க வாங்க, பலகையைப் பிடுங்கிச் சுவரில் சாய்த்தாள். "வர்றவங்கள வெரட்டற மாதிரி இருக்குங்க. பாவம், வெயில்ல எப்படி உக்காருவாங்க?" என்றாள். மேசையை உள்ளே நகர்த்தப் பார்த்தேன், அடுப்புப் பக்கமே வரமாட்டேன் என்றுவிட்டாள். வீட்டில் இரேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். "அடுப்பையும் விட்டுட்டேன். கடையையும் விட்டா நான் என்னாத்துக்கு இருக்கேன்?" என்று கேட்டாள்.

எனக்கு ஆறுதல் சொல்லிக்கொள்ளத் தெரியாமல் இல்லை. நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினின் எக்ஸாஸ்டில் சூடு பத்தாது, பெட்டி இல்லாவிட்டாலும் அங்கே திரவம் சரியாக வேலை செய்திருக்காது என்று அந்த மலாய்க்காரரே சொல்லியிருக்கிறார். நெடுஞ்சாலையும் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்ணெய்ப் புகையையும் இருபது வருடம் சுவாசித்திருக்கிறாள். எது எவ்வளவு என்று எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முடியாது என்பதுதான் என் தண்டனை. நான்தான் கொல்கிறேன் என்று அழவும் முடியவில்லை, நானில்லை என்று தூங்கவும் முடியவில்லை. ஆனால் அந்த லாரிகள் அங்கே நிற்பது என்னால். அந்த நாற்காலியை அங்கே போட்டது நான்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று அன்னாசி லாரிக்காரர் பார்க்கும்போதெல்லாம் கண்ணாலேயே கேட்கிறார். மன்னித்துவிடுவாள் என்று பயம். மன்னிக்கமாட்டாள் என்பதும் பயம். அதைவிட, கொடுத்துவிட்ட அந்த எண்ணெய்ச் சட்டியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டால் நான் என்ன செய்வேன்?

டாக்டர் இப்போது வீட்டில் ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். நேற்றும் மேசைக்கு வந்தாள். நாலு சொல்லுக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள். விசிறியை நான் திருப்பி வைத்தால், வேர்க்கிறது என்று அவள் பழையபடி வைத்துக்கொள்கிறாள். பத்து மணி வாக்கில் அன்னாசி லாரி திடலுக்குள் திரும்பியது. கண்ணால் பார்க்கும் முன்பே சத்தத்தை வைத்துச் சொல்லிவிட்டாள்.

"அண்ணன் வண்டி வருது. சீனி கம்மி."

கலக்கி வைத்தாள். லாரிக்காரர் வழக்கம்போல் நுழைந்ததும் இன்ஜினை நிறுத்தினார், அவர் ஒருவர்தான் நிறுத்துவார். அவள் பம்பை வாயில் வைத்து இழுத்துவிட்டு, நெஞ்சு அடங்கும்வரை அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசமாச்சு நீங்க கை வெச்சு. இன்னும் கொஞ்சங்கூட பொகை இல்ல பாருங்க," என்றாள். "பாழாப்போன என் அடுப்புதான்..."

மீதியைச் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"ஆமாம்மா," என்றேன்.